நன்மை வாங்காத வீடு

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. கதவைச் சாத்திடுங்க" என்றார் சாமியார்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்த மகள் அதைப் பாதியில் விட்டு எழுந்தாள். கட்டிலருகே சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்த அத்தை முதல் ஆளாக வெளியே போய்விட்டாள். அம்மாதான் நகரவில்லை. அப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்று மகள் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள்.

கதவு அப்படியொன்றும் கனமானதில்லை. சாதாரண நாளில் உள்ளே இருமினால் சமையலறை வரை கேட்கும். ஆனால் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே குனிந்துதான் அப்பா சொல்வதைக் கேட்க வேண்டும். மகள் கதவை ஒட்டியே நின்றாள். அம்மா தையல் மிஷின் முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. எல்லாம் நல்லபடியா முடியும்" என்றாள் அத்தை.

அம்மா தலையைத் தூக்கினாள். மகளும் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அத்தை வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. "இந்தாங்க" என்பாள். இல்லாவிட்டால் மகளிடம் திரும்பி, "உங்கம்மாவைக் கேளு" என்பாள். 'அண்ணி' என்று கூப்பிட வேண்டியவள் வேறு ஊரில் இருந்தாள். அப்பா கோவிலில் வைத்துக் கைப்பிடித்தவள். ஒரு வருஷம்கூட இருக்காமல் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. கோர்ட்டில் விவாகரத்து ஆகியும், அவள் உயிரோடு இருக்கும்வரை கோவில் கணக்கில் அப்பாவுக்கு வேறு மனைவி கிடையாது. அப்பாவும் அம்மாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் குடும்பம் நடத்தினார்கள்.

அதற்காக இருவரும் கோவிலை விட்டுவிடவில்லை. பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஆம்ப்ளிபயர் முன்னால் உட்கார்ந்திருப்பது அப்பாவின் வேலை. அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள் முழுக்க அவரை 'மைக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரசங்கம் நீண்டுவிட்டால் மைக் கரகரக்கும். அது தானாகக் கரகரப்பதில்லை என்று எல்லாச் சாமியார்களுக்கும் தெரியும். அம்மா புதுநன்மை எடுக்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்தாள். பங்கில் பாதிப் பேர் அவள் தைத்த கவுனில்தான் முதன்முதலாகப் பீடத்தண்டை போய் நாக்கை நீட்டி, நன்மை எனும் அந்த வெள்ளை அப்பத்தை வாங்கியிருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் மட்டும் வாங்குவதில்லை.

மகள் புதுநன்மை எடுத்த அன்று மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் அவரவர் அப்பா அம்மா வரிசையில் வந்தார்கள். அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

"நீங்க ஏன் வரல?"

"எனக்கு வயிறு சரியில்லடி" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறும் வயிறு சரியில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான். "இப்படி ஒரு வயித்தை நான் பார்த்ததே இல்ல" என்று வளர்ந்த பிறகு மகள் கிண்டல் செய்வாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி அதற்கு மனம் வருந்த வேண்டும். அப்புறம்தான் மன்னிப்பு, அப்புறம்தான் நன்மை. அதை மகள் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தாள். அந்த வீட்டில் அந்தப் பாவம் காலையில் எழுந்து எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தது.

"நானா கட்டாயப்படுத்துனேன்? 'சாமியாரைக் கூப்பிடவா'ன்னு கேட்டேன். அவனேதான் தலையாட்டுனான்" என்றாள் அத்தை, யாரும் எதுவும் கேட்காமலேயே.

அம்மா மிஷின் ஊசிக்கடியில் கிடந்த துணியை இழுத்து நேராக்கினாள்.

கதவு திறந்தது. எல்லாரும் வாசலிலேயே முழங்காலிட்டார்கள். சாமியார் அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, ஸ்பூனில் தண்ணீரோடு அப்பாவின் வாயில் விட்டார். அப்பா சிரமப்பட்டு விழுங்கினார். அத்தை குரலெடுத்து அழுதாள். அது சந்தோஷ அழுகை. அம்மா அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அந்த ஸ்பூனைக் கழுவி, கழுவிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல், செடி வேரில் ஊற்ற வெளியே எடுத்துப் போனாள். அப்பம் பட்ட தண்ணீருக்கான முறை அவளுக்குத் தெரியும்.

மகள் சாமியாரின் பின்னாலேயே கேட் வரை போனாள். இளவயதுக்காரர். ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாமி, அப்பா... அம்மாவைப் பத்தி ஏதாவது..."

"அதை நீ கேக்கக் கூடாதும்மா. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நான் வெளிய சொல்ல முடியாது."

"முழுசா வேணாம் சாமி. வருத்தப்பட்டாரா, இல்லையா? அது மட்டும்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"என்னால தலையாட்டக்கூட முடியாதும்மா" என்றார். ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

அன்று பிற்பகல் முழுவதும் அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தாள். அத்தையை மகள் சமையலறையிலேயே பிடித்து வைத்துக்கொண்டாள். வருந்தினாரா என்று அம்மா அவரிடமே கேட்டுவிடுவாள் என்று மகள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

"தண்ணி வேணுமா?"

அப்பா ஏதோ முனகியிருப்பார்.

"வேணாமா? சரி. போர்வை?"

நீண்ட நேரம் இயந்திரத்தின் சத்தம் மட்டுமே.

"என்ன? சத்தமா சொல்லுங்க." அம்மா குனிந்திருக்க வேண்டும். பிறகு, "சரி, சரி, ஓரமா போடுறேன். நான் ஒண்ணும் தடுக்கி விழமாட்டேன்" என்றாள். மகள் எட்டிப் பார்த்தபோது அம்மா இயந்திரத்தின் வயரைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா எதுவும் சொல்லவில்லை. வெயில் தாழ்வதற்குள் போய்விட்டார்.

போன பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாதான் அணைத்தாள். வீடு சட்டென்று காது அடைத்ததுபோல் ஆயிற்று. அத்தை கோவிலுக்குச் சொல்லியனுப்ப ஓடினாள்.

"நீ கதவுகிட்டதானே நின்ன?" என்றாள் அம்மா.

"ஆமா."

"ஏதாவது காதுல விழுந்துச்சா?"

மகளுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் எந்தப் பொய்? வருந்தினார் என்றால் அம்மாவோடு வாழ்ந்ததே போயிற்று. வருந்தவில்லை என்றால், வருந்தாமல் வாயைத் திறந்து அப்பம் வாங்கியவராக அப்பா போகிறார்.

"மெஷின் சத்தம்மா."

அம்மா தலையாட்டினாள். அப்பாவின் வாயோரம் காய்ந்திருந்ததை ஈரத்துணியால் துடைத்தாள்.

மறுநாள் கோவிலுக்குள் அப்பாவின் சவப்பெட்டியைக் கொண்டுபோய் நடுப்பாதையில், முன்வரிசைப் பெஞ்சுகளை ஒட்டி வைத்தார்கள். பூசை தொடங்க நேரமிருந்தது. அத்தை கையில் செபமாலையோடு வந்தாள்.

"அண்ணி, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேக்க உட்காந்துட்டாரு. இனிமே உங்களுக்கு என்ன தடை? அண்ணனே வழி காட்டிட்டுப் போயிருக்கான். ஊரே பார்க்கட்டும். போங்க."

அம்மா போனாள். சாமியார் உட்காரும் மரக்கூண்டின் பக்கவாட்டில் முழங்காலிட்டாள். மகளுக்கு அவளுடைய இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. வெடிப்புகளோடு, மிதித்து மிதித்துத் தேய்ந்த கால்கள். சற்று நேரம் அசையாமல் இருந்தன. பிறகு ஒரு பாதம் தரையில் ஊன்றியது. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்து வந்தாள்.

"என்னம்மா?"

"நல்ல பிள்ளை. ரொம்பத் தன்மையா கேட்டாரு. 'வருத்தப்படுறேன்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னாரு."

"சொன்னியா?"

அம்மா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"உங்கப்பாவுக்கு மூச்சு முட்டிச்சு. பாவம், என்ன சொன்னாரோ" என்றாள். "எனக்கு மூச்சு நல்லாத்தானே வருது."

முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மைக்கில் யாரோ புதிய பையனை உட்கார வைத்திருந்தார்கள் போலும். வாசகம் வாசிக்க ஆரம்பித்ததும் அது கிறீச்சென்று கத்தியது. பழக்கதோஷத்தில் கோவில் மொத்தமும் பக்கத்து அறைப் பக்கம் திரும்பியது. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. பெஞ்சில் எல்லாரும் எழுந்தார்கள்.

"எழுந்திரிங்க அண்ணி" என்று அத்தை குனிந்து காதோரம் சொன்னாள்.

அம்மா முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழி விட்டாள். அத்தை ஒரு கணம் நின்றாள். பின் கைகளைக் குவித்துக்கொண்டு அவளைக் கடந்து போனாள்.

மகள் உட்கார்ந்தே இருந்தாள்.

"நீ போ" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"போடி. கவுன் தைச்சுக் கொடுத்தவ சொல்றேன், போ."

மகள் போனாள். வரிசை பெட்டியண்டை வந்ததும் இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் சேர்ந்தது. பின்வரிசைகளிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்தபடி இருந்தார்கள். அவள் முறை வந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்து அவள் கண்களைப் பார்க்காமல் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவள் "ஆமென்" என்றாள்.

அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. திரும்பினாள்.

முன்பெஞ்சில் மற்ற இடமெல்லாம் காலியாக இருந்தது. அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து நடுப்பாதைப் பக்கத்து ஓரத்துக்கு வந்து, பெட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தாள்.