நடுவில் விட்ட இடம்

அக்காவுக்கு ஒரு நாய் வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். அக்கா கேட்கவில்லை.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறது. ஒன்றாம் தேதி நான் அங்கே இருக்க வேண்டும். அக்காவின் கணவர், என் மாமா, ஆபீஸ் நாற்காலியிலேயே மார்வலி வந்து போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அக்காவோடு நான்தான் இருக்கிறேன். நானும் கிளம்பிவிட்டால் மூன்றாவது மாடி வீட்டில் அவள் ஒற்றை ஆள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஹெட்போனை மாட்டிவிட்டால் அழைப்பு மணி கேட்காது, போன் கேட்காது. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் நாற்றம் வாசல்வரை வந்திருந்தது. நான் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "கவனிக்கலடி" என்றாள். அவள் குரலில் பயமே இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

"நாய் இருந்தா குலைச்சாவது சொல்லும்க்கா."

"நீ குலைக்கிறது போதாதா?"

"நான் போயிடுவேனே."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் நாய் வளர்த்ததில்லை. குட்டியா, நாய்கள் காப்பகத்திலிருந்து ஒரு பெரிய நாயா என்பதிலேயே ஒரு வாரம் ஓடியது. கடையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணன் வீட்டு நாய் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. "குட்டின்னா வெள்ளைத் தாள் மாதிரிம்மா. நீங்க என்ன எழுதுறீங்களோ அதுதான்" என்றார். நான் அதைச் சொன்னதும் காப்பகத்தை நடத்தும் அம்மா சிரித்தார். "தாள்தான். நாலு மாசத்துக்கு நனைஞ்சுக்கிட்டே இருக்கும். உங்க அக்கா ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மூணு மாடி இறங்குவாங்களா?"

"அவங்க வெளிய போயே மாசக்கணக்காகுது."

"அப்ப பெரிய நாய்தான் சரி. ஆனா பெரிய நாய்க்கு ஒரு பழசு இருக்கும். யாரையோ தேடிக்கிட்டே இருக்கும். அது உங்க அக்காவைத் தேடணும்னா, அவங்க உடுத்தின துணி ஒண்ணு வேணும். துவைக்காதது. ஒரு வாரம் அதுமேலதான் படுக்கும். அப்புறம்தான் அனுப்புவோம்."

அந்தக் காப்பகத்தில் அது கட்டாயம். நல்ல யோசனையாகப் பட்டதால் குட்டிக்கும் அப்படியே செய்யலாம், இரண்டையும் வரவழைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் காலை, அக்கா குளித்துக்கொண்டிருக்கும்போது அவசரமாக இரண்டு துணியை எடுத்துப் பையில் போட்டேன். குட்டிக்கு அவளுடைய தலையணை உறை. பெரிய நாய்க்கு, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலச் சட்டை. மாமாவின் சட்டைகளைத்தான் அக்கா இப்போது வீட்டில் போட்டுக்கொள்கிறாள். அதனால் அதுவும் அவள் சட்டை என்று நினைத்துவிட்டேன்.

காப்பகத்து நாய் புதன்கிழமை வந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், ஆறு வயது இருக்கலாம். எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும், தான் ஒன்றும் செய்யாது என்பதால் அங்கே அதற்கு மேனேஜர் என்று பெயர். பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார்கள். கூடவே சட்டையையும் மடித்துத் தந்தார்கள்.

அக்கா சட்டையைக் கையில் வாங்கினாள். ஒரு பொத்தான் போயிருந்தது, காலரில் பல் பட்ட தடம்.

"இதை நீதான் எடுத்தியா?"

"ஆமாக்கா. ஏன்?"

"நான் இதைப் போட்டதே இல்லடி. அவர் கடைசியா ஆபீஸ் போறதுக்கு முந்தின நாள் கழட்டி மாட்டினது. அப்படியே வச்சிருந்தேன்." காலரைத் தடவிக்கொண்டே, "ஒரு வாரமா வீடெல்லாம் தேடிட்டு இருக்கேன். உன்கிட்ட கேட்கவும் கூச்சமா இருந்துச்சு" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் மேனேஜர் எங்கள் இருவரையும் தாண்டி உள்ளே போனது. முகர்ந்துகொண்டே கூடத்தைச் சுற்றியது. ஜன்னலோரம் இருந்த பிரம்பு நாற்காலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. மாமாவின் நாற்காலி. யாரும் உட்காராத அந்த நாற்காலியில், உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் உயரத்துக்குத் தலையைத் தூக்கி, அங்கேயே பார்த்தபடி வாலை மெல்ல அசைத்தது.

தப்பு என்னுடையது, நாயினுடையது இல்லை. காப்பக அம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்த வாசனைக்கு உரியவரைத்தான் தேடும். நாலஞ்சு நாள்ல விட்டுடும்" என்றார்.

ஆனால் மேனேஜர் தேடவில்லை. தேடும் நாய் அலையும், முனகும், கதவைப் பிராண்டும். இது, தேடியவர் கிடைத்துவிட்ட நாயைப் போல இருந்தது. வீட்டு நடைவழியில் அக்காவோடு நடக்கும்போது சுவரை ஒட்டியே நடக்கும். அவளுக்கும் தனக்கும் நடுவில் இடம் விடும். கடையில், கண்ணாடி போட வருபவர்களின் இரு கண்மணிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பதுதான் என் வேலை. கண்ணாலேயே அளந்தேன். ஏறக்குறைய ஒன்றரை அடி. ஓர் ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கப் போதும்.

தினமும் மாலை ஐந்தே காலுக்கு அது வாசலுக்குப் போய் நின்றது. மாமா பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம். மூன்றாம் நாள் அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"எங்கக்கா?"

"கூப்பிடுதே. கீழ போய்ட்டு வரேன்."

ஐந்து மாதத்தில் முதல் தடவை. ஜன்னலில் நின்று பார்த்தேன். பஸ் நிறுத்தம்வரை மேனேஜர் அவள் காலை ஒட்டியே போனது. பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் போனது. திரும்பி வரும்போது நடுவில் அந்த ஒன்றரை அடி இருந்தது. எதிரே காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண், அகலமான நடைபாதையில் காரணமே இல்லாமல் ஒதுங்கி வழிவிட்டாள்.

அக்கா தேறினாள் என்பதை மறைக்க முடியாது. இரண்டு வேளை சாப்பிட்டாள். மேஜையை நாற்காலி பக்கமாக நகர்த்திக்கொண்டாள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினாள். "இன்னொரு காது?" என்று கேட்டேன். "இருக்கட்டும். ஏதாவது சொன்னா கேட்கணுமில்ல" என்றாள். யார் சொன்னால் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் அந்தச் சட்டையால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த நாயைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குட்டியை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். குட்டிக்கு அக்காவின் தலையணை உறை மட்டும்தான் தெரியும். மாமாவின் வாசனை அதற்குத் தெரியவே தெரியாது.

ஞாயிறு காலை அண்ணன் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். காப்பகத்தில் சொல்லி மேனேஜரை அரைநாள் அங்கே விட்டிருந்தேன். குட்டி நேராக அக்காவிடம் ஓடியது, அவள் கால்விரலைக் கடித்தது, தரையில் ஒரு குட்டிக் குளம் கட்டியது.

"பாத்தீங்களா, கையெழுத்துப் போட்டுட்டான்" என்றார் அண்ணன்.

அக்கா சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு குட்டி தத்தித் தத்திப் பிரம்பு நாற்காலிப் பக்கம் போனது. நாற்காலியின் முன்னால் அப்படியே மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அதன் பின்னங்கால் ஒன்று காற்றில் வேகமாக உதைக்க ஆரம்பித்தது. வயிற்றில் சரியான இடத்தில் சொறிந்துவிட்டால் நாய்கள் அப்படித்தான் உதைக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணன் வாசலருகே நின்றார். அக்கா மேஜையருகே. நான் தரைத்துணியும் கையுமாக.

"அட, இவனை யாரு சொறியிறா?" என்று அண்ணன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

உதைப்பு நின்றது. குட்டி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, மேலே பார்த்து, இன்னும் வேண்டும் என்பதுபோல ஒரு சின்னக் குரைப்புக் குரைத்தது.

"குட்டி வேண்டாம்ணே. நல்ல வீடா பாத்துக் கொடுங்க" என்றாள் அக்கா. "எங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பெரியவனே போதும்."

அக்காவும் தங்கையும் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்று துண்டை உதறினார்.

அவர் போனதும் சொன்னேன். "அக்கா, நான் அந்த வேலைக்குப் போகல."

"போடி லூசு. நான் தனியா இல்ல."

"அதான்க்கா எனக்குப் பயமா இருக்கு."

அவள் என் கன்னத்தைத் தட்டினாள். ஐந்து மாதத்தில் அதுவும் முதல் தடவை. "உன் பயத்துக்கு நான் மருந்து வாங்க முடியாது. ஒன்னாந்தேதி கிளம்புற. அவ்வளவுதான்."

கிளம்பினேன். பகல் ரயில். அக்கா ஸ்டேஷன்வரை வந்தாள், மேனேஜரோடு, நடுவில் அந்த இடைவெளியோடு. முன்பெல்லாம் நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் மாமாதான் என்னை ரயிலேற்றுவார். பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து கதையடிப்பார். விசில் ஊதியும் எழுந்திருக்க மாட்டார். "இறங்குங்க, இறங்குங்க" என்று அக்கா வெளியே நின்று கத்துவாள். ஒரு தடவை நிஜமாகவே இறங்காமல் அடுத்த ஸ்டேஷன்வரை வந்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிப் போனார்.

எனக்கு ஜன்னலோர இடம். பக்கத்து இடத்துக்கு யாரும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அக்கா. அவள் காலடியில் மேனேஜர், கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கைநீட்டிக் கூப்பிட்டேன், என்னைப் பார்க்கவில்லை. அதன் கண் என் தோளைத் தாண்டி, பக்கத்து இருக்கையில், உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில் நின்றது.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு நாய் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

விசில் ஊதியது.

"இறங்குங்க" என்றாள் அக்கா, சின்னக் குரலில். அவள் என்னோடு பேசவில்லை.

ரயில் நகர்ந்தது. மேனேஜர், இறங்குபவர் வரும் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலோடு கூடவே அதன் தலை மெல்லத் திரும்பியது, கடைசிவரை. நான் கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, முதல் தடவையாக, நாயின் தலையில் கை வைத்தாள். இருவரும் திரும்பி நடந்தார்கள். அது அவள் முழங்காலை ஒட்டியே நடந்தது. நடுவில் ஓர் உள்ளங்கை நுழையக்கூட இடம் இல்லை.

நான் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல், ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த ஸ்டேஷனுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.