பால் புட்டி பிடித்த மேசை

"நிறுத்து! அந்த வண்டியை நிறுத்து!"

கெங் சியோங் போட்ட சத்தத்தில், எச்சில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போன தள்ளுவண்டி சடாரென்று நின்றது. தட்டுகள் மட்டும் நிற்காமல் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அடங்கின. இடது இடுப்பில் ஒன்றரை வயது மகள் யூயூ. வலது கை வண்டிக்குள் முழங்கை வரை போனது. ஓர் இறால் தலை வந்தது. பாதி கடித்த தர்பூசணி வந்தது. அடுத்து வந்தது ஒரு பல்செட்டு.

அது அவனைப் பார்த்துச் சிரித்தது. மரியாதையாக அதைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கையை விட்டான்.

வண்டி தள்ளி வந்த டெல்ஃபின் இந்தக் கப்பலில் மூன்றாவது வருடமாகத் தட்டு எடுக்கும் பிலிப்பினோக்காரன். பயணிகள் பலவிதம் என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டவன். ஆனாலும் இந்த விதம் புதிது.

"சார், பசிச்சா அங்க புதுசா இருக்கு. இது பழசு."

"பால் புட்டி லா!" என்றான், சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒட்டும் அந்த 'லா'வோடு. "மஞ்சப் புட்டி. மூடியில வாத்து இருக்கும். மேசை மேல வச்சிருந்தேன். நீங்கதானே எடுத்தீங்க?"

"வாத்து எதையும் நான் எடுக்கல சார். ஆமா, குடிக்கிற பாலை எதுக்கு மேசை மேல தனியா விட்டுட்டுப் போனீங்க?"

"எதுக்கா? இடம் பிடிக்க!"

டெல்ஃபின் புரியாமல் தலையாட்டினான். அவன் ஊர் இலோய்லோ. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

சிங்கப்பூரில் மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் போதும். அது பத்திரம், பட்டா, எல்லாம். உட்கார வேண்டியவர் நாலு கடை தள்ளி வரிசையில் நிற்பார். மேசை அவருக்காகக் காத்திருக்கும். பசியில் கண் இருண்டாலும் ஒருவரும் அதில் உட்கார மாட்டார். இன்றைக்கு கெங் சியோங்கின் டிஷ்யூ பாக்கெட் யூயூவின் மூக்குக்கே சரியாகிவிட்டது. குடை கீழே அறையில். அறைச் சாவி அட்டை கழுத்தில். கையில் மிச்சம் இருந்தது பால் புட்டி. சிங்கப்பூரில் பிறந்த கை, யோசிக்காமல் அதை மேசையில் வைத்துவிட்டது.

வைத்துவிட்டு மீன் கஞ்சி எடுக்கப் போனான். கஞ்சிச் சட்டியைச் சுற்றி வந்து, வறுத்த வெங்காயத்தைத் தேடி இன்னொரு சுற்று வந்து, கிண்ணமும் குழந்தையுமாகத் திரும்பினால், ஜன்னலோர மேசையில் ஒரு முழுக் குடும்பம் நண்டு உடைத்துக்கொண்டிருந்தது.

"பிரதர், இங்க ஒரு பால் புட்டி இருந்துச்சே?"

நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் அவமானம். "நாங்க வரும்போது மேசை சும்மாதான் கிடந்துச்சு. பிடிச்ச இடம்னா உக்காருவோமா? எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது? நாங்களும் சிங்கப்பூர்தான், தெம்பனீஸ்காரங்க!"

சரி, அப்படியென்றால் கப்பல்காரர்கள்தான் எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த வண்டித் துரத்தல்.

ஒரு பால் புட்டிக்கா இத்தனை ஓட்டம் என்று நினைக்கலாம். போனது வெறும் புட்டி இல்லை.

அவன் மனைவி சியூ பெங் விமான எஞ்சின் மெக்கானிக். யூயூ பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது சாங்கி விமான நிலையப் பட்டறையிலிருந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் கப்பல் பினாங்கைத் தொடுவதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். சிறுவர்களுக்கு நீச்சல் சொல்லித்தரும் கெங் சியோங்குக்கு சனி ஞாயிறில்தான் வேலை. 'நீ போ பெங், வார நாளெல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்று அவன் சொல்லாத நாள் இல்லை. எஞ்சின் பேச்சு வந்தாலே அவள் கண் எப்படி மின்னும் என்று அவனுக்குத் தெரியும். இந்த ஒன்றரை வருடமாக அந்தக் கண் மிக்ஸியைத்தான் பழுது பார்க்கிறது.

இன்று காலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ஒரு வேளைச் சாப்பாடு, சியோங். ஒரே ஒரு வேளை. அவ சாப்பிடணும், பால் குடிக்கணும். என் போன் அடிக்கக் கூடாது. அடிச்சுதுன்னு வை, வேலை வேண்டாம்னு சொல்லிடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது."

"இவ்வளவுதானா?" என்று அவன் சிரித்தான். அவள் புட்டியில் பாலைக் கலந்து கையில் கொடுத்துவிட்டு, எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டாள்.

யூயூ அந்த வாத்துப் புட்டியில் மட்டும்தான் பால் குடிப்பாள். வேறு எதில் கொடுத்தாலும் துப்புவாள். அதே மாதிரி மாற்றுப் புட்டிகள் மூன்று, சிங்கப்பூரில், பிடோக் வீட்டுச் சமையலறை மேடையில் வரிசையாகக் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. பெட்டி கட்டியவன்? கெங் சியோங்தான்.

டெல்ஃபின் அவனைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனான். ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "வாத்தா? ரோஸ்ட் பண்ணினதா?"

"புட்டிப்பா, புட்டி!"

"புட்டி வரல. பல்லு வந்திருக்கு. யாருக்காவது வேணுமா?"

திரும்பி வந்து, எதிர்ப்பட்ட நாற்காலியில் மகளை உட்கார வைத்தான். நண்டுக் குடும்பத்துக்கு அடுத்த மேசை. அங்கே ஒரு பெரியவர் தனியாகக் கோழித் தொடையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். டெல்ஃபின் கழுவிய பல்செட்டைத் தட்டில் வைத்து நீட்ட, அவர் அதை வாங்கி மாட்டி, ஒரு கடி கடித்துப் பார்த்து, கெங் சியோங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எலும்புன்னு நினைச்சுத் தட்டுல போட்டுட்டேன். நீ நல்லா இருப்படா ராஜா. குழந்தை ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?"

"பால் வேணும் அங்கிள்."

"குடு."

கொடுத்தான். சூடான பாலைக் காபிக் கோப்பையில் வாங்கி, ஆற்றி, உதட்டில் வைத்தான். யூயூ அதை ஆராய்ந்தாள். வாத்து இல்லை. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் ஊற்றினாள்.

ஆப்பிள் சாறு டப்பாவில் குழாய் போட்டுக் கொடுத்தான். அவள் குழாயை வாயில் வைக்காமல் டப்பாவை அமுக்கினாள். தீயணைப்பு வண்டி தோற்றது. நண்டுக்காரரின் கண்ணாடி நனைந்தது.

"பரவால்ல பிரதர்," என்றார் அவர், துடைத்துக்கொண்டே. "நண்டுக்கு ஆப்பிள் நல்லாத்தான் இருக்கு."

"சும்மா விடுங்க, பசிச்சா தானா குடிப்பா," என்றாள் அவர் மனைவி.

"எப்போ?"

"எங்க பெரியவன் மூணு மணி நேரம் அழுதுட்டுக் குடிச்சான்."

யூயூவின் கீழுதடு மெல்ல வெளியே வந்தது. அந்த உதடு வெளியே வந்தால் அடுத்தது அலறல். அந்த அலறல் ஒரு முறை பிடோக் அடுக்ககத்தின் பன்னிரண்டாவது மாடியிலிருந்து கீழ்க்கடைக் காபிக்காரர் வரை கேட்டிருக்கிறது. கப்பலின் கீழ்த்தளம் எம்மாத்திரம்?

போனை எடுத்தான். 'பெங்' என்ற பெயருக்கு மேல் கட்டைவிரல் நின்றது. ஒரு கேள்விதான். வாத்து இல்லாமல் குடிக்க வைக்க அவளுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும். ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

சொல்லிவிட்டு, பட்டறைக்கு 'வேண்டாம்' என்று எழுதிவிடுவாள்.

போன் பாக்கெட்டுக்குள் போனது. பாலில் முங்கியது. வேறு பாக்கெட்டுக்கு மாறியது.

"வாத்து இல்லாம குடிக்க மாட்டா டெல்ஃபின். வாத்து வேணும்."

டெல்ஃபின் சூப் கிண்ணத்தில் பாலும், பீங்கான் கரண்டியும் கொண்டுவந்து வைத்தான். "கப்பல்ல வாத்துக்கு எங்க போறது சார்? வேணும்னா நீங்களே வாத்தா ஆயிடுங்க."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். கெங் சியோங் கிண்டலைக் கேட்கும் நிலையைத் தாண்டிவிட்டிருந்தான்.

எழுந்தான். முழங்கையை மடக்கினான். பின்பக்கத்தை ஆட்டினான்.

"வாக்!"

உணவுக்கூடம் திரும்பிப் பார்த்தது. யூயூவின் உதடு அந்தரத்தில் நின்றது.

"வாக்! வாக்!"

அவள் வாயைத் திறந்து சிரித்தாள். திறந்த வாய்க்குள் டெல்ஃபின் ஒரு கரண்டிப் பாலைச் செலுத்தினான். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள்.

முழுங்கினாள்!

"விடாதீங்க சார், கத்துங்க!"

ஒரு 'வாக்'குக்கு ஒரு கரண்டி. கிண்ணம் பாதியானபோது கெங் சியோங்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெறும் வாய்தான் திறந்து மூடியது. யூயூ ஏமாறவில்லை. சத்தம் இல்லாத வாத்தை அவள் ஏற்கமாட்டாள்.

"தள்ளுடா," என்று பல்செட்டுப் பெரியவர் எழுந்தார். "பல்லு தந்தவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா? வாக்!"

அவருக்கு இளைத்தபோது தெம்பனீஸ் குடும்பம் கை கொடுத்தது. நண்டுக்காரர் இரண்டு கையிலும் நண்டுக் கொடுக்கை வைத்துக்கொண்டு வாத்தானார். "அது நண்டு டாடி," என்று அவர் மகள் திருத்தினாள். யூயூவுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. பால் தீர்ந்தது. மீன் கஞ்சி தீர்ந்தது. ஓர் ஏப்பம் வந்தது. பயணிகள் கை தட்டினார்கள்.

சியூ பெங்கின் போன் அடிக்கவில்லை! கெங் சியோங் நாற்காலியில் சரிந்தான். டெல்ஃபின் மேசையைத் துடைத்தபடி கேட்டான்.

"சார், இந்தப் பக்கம் பூராத் தேடியாச்சு. அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துடலாமா?"

"எந்தப் பக்கம்?"

டெல்ஃபின் நடுவில் இருந்த மீன் படம் போட்ட கண்ணாடித் தடுப்பைக் காட்டினான். கெங் சியோங் அதைச் சுவர் அலங்காரம் என்றே நினைத்திருந்தான். உணவு வரிசையைச் சுற்றிக்கொண்டு போனான். தலை சுற்றியது. அதே கம்பளம். அதே ஜன்னல்கள். அதே மேசைகள். கப்பலின் வலதும் இடதும் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தன. கஞ்சிச் சட்டியைச் சுற்றியபோது இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறான்!

ஜன்னலோர மேசையில், வெயிலில் மின்னிக்கொண்டு, மஞ்சள் புட்டி. மூடியில் வாத்து. உள்ளே பால் அப்படியே இருந்தது.

மேசையைச் சுற்றிக் கையில் தட்டோடு ஒரு சின்னக் கூட்டம் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. அவன் புட்டியை எடுத்ததும் ஓர் ஆன்ட்டி பெருமூச்சு விட்டாள்.

"உன்னுதா தம்பி? சீக்கிரம் வரக் கூடாதா லா? என் நூடுல்ஸ் கயிறு மாதிரி ஆயிடுச்சு."

"மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி. ரொம்ப நன்றி. ஆனா..." அவன் குனிந்து பார்த்தான். புட்டிக்குப் பக்கத்தில் லக்ஸா என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குடித்துக் காலியான கிண்ணங்கள். ஒன்றுக்குள் ஒன்று. "இது யாரோ சாப்பிட்டிருக்காங்களே!"

"அதை ஏன் கேக்குற! ஒரு பொம்பள வந்தா. தலையில துண்டு கட்டியிருந்தா. புட்டியைப் பார்த்தா. ஜம்முனு உக்காந்துட்டா! 'பிடிச்ச இடம்மா'ன்னு சொன்னேன். 'தெரியும் ஆன்ட்டி'ங்கறா!"

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே! இன்னொரு கிண்ணம் வேற போய் எடுத்துட்டு வந்தா. புட்டியைத் தொடக்கூட இல்ல. திரும்பி வர்ற வரைக்கும் அதையே காவல் வச்சுட்டுப் போனா!"

கெங் சியோங்குக்கு ரத்தம் கொதித்தது. கட்டிய தொண்டையில் கரகரவென்று சொன்னான். "அவ சிங்கப்பூர்க்காரியாவே இருக்க முடியாது!"

கூட்டம் முழு மனதோடு ஆமோதித்தது.

அறையில் யூயூ வயிறு முட்டத் தூங்கிக்கொண்டிருந்தபோது சியூ பெங் கதவைத் திறந்து வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது.

"போனே அடிக்கலையே."

"அடிக்குமா?" என்றான், தவளைக் குரலில்.

"பால் குடிச்சாளா?"

"குடிச்சா. கஞ்சியும்."

"புட்டியிலயா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவன் தலை பாதி ஆடியது. நின்றது.

"இல்ல பெங். புட்டியைத் தொலைச்சுட்டேன். கரண்டியில குடுத்தோம். நான் தனியாக் குடுக்கல, பாதி கப்பல் சேர்ந்துதான் குடுத்துச்சு. இப்ப நீ என்ன வேணா முடிவு பண்ணு."

சியூ பெங் போனை எடுத்து எதையோ எழுதினாள். அனுப்பினாள். திருப்பிக் காட்டினாள். பட்டறைக்குத்தான். ஒரே சொல். 'வருகிறேன்.'

கெங் சியோங் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "நான் சொன்னதை அப்படியே நம்பிட்டியா?"

"எதுக்கு நம்பணும்? அதான் பார்த்தேனே."

"பார்த்தியா? நீ மசாஜ்ல இல்ல இருந்தே?"

"பாதியில பசிச்சுது, துண்டைக் கட்டிக்கிட்டு மேல வந்துட்டேன். உக்கார இடமே இல்ல. ஒரே ஒரு மேசை. அதுல நம்ம புட்டி. என் புருஷன் பிடிச்ச இடம்தானேன்னு உக்காந்தேன். பார்த்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ குப்பை வண்டிக்குள்ள கை விடறே. அப்புறம் ஒரே ஆட்டம். என்ன சொல்றேன்னுதான் கேக்கல."

"அட பாவி!" என்று குரல் உடைந்து கத்தினான். "புட்டி உன் மூக்குக்கு முன்னாலயே இருந்துச்சே! எடுத்து ஒரு தடவை ஆட்டிக் காட்டியிருக்கக் கூடாதா?"

"ஆட்டணும்னுதான் நினைச்சேன், சியோங்," என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா அவ பிறந்ததுலேர்ந்து நான் சுடச் சுடச் சாப்பிட்ட முதல் லக்ஸா அது. ஒரு கையில குச்சி, ஒரு கையில கரண்டி. ஆட்டறதுக்குக் கை எங்க இருந்துச்சு?"