படுக்க வைத்த தண்டவாளம்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். மனுஷி இல்லை, ரயில் கம்பெனி. வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டு வழியாகத் தெற்கே ரயில் விட்டுக்கொண்டிருந்து, சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் ரயில்வேயில் கரைந்துபோன கம்பெனி. என் கணவர் சீனு அதன் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

அணுசக்தி ஆபீசில் வேலை பார்க்கும் மனுஷனுக்கு இது என்ன கிறுக்கு என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது. எந்தப் பாலத்தை எந்த இன்ஜினீயர் கட்டினார், எந்த இன்ஜின் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டில் துவரம்பருப்பு தீர்ந்து போனது மட்டும் தெரியாது. ஏதாவது சொன்னால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பார். கற்பூரமே தீர்ந்துபோச்சு, கடைக்குப் போய் வாங்கி வாருங்கள் என்பேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் ஓடியது.

நான் அவரை "சீனு" என்றே கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் மாயவரத்தில் மாமியார், "புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஆயுசு குறையும்டி" என்று திட்டுவார். நான் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும், "என்ன லதா?" என்று பதில் வந்துவிடும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு அந்தப்புறம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், வாசலில் கம்பெனி பெயர் வார்த்த தண்டவாளத் துண்டு ஒன்று நட்டிருக்கிறது என்று யாரோ இவருக்குச் சொல்லிவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தார். கூட என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் ஆல்வின், பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் மாஸ்டர். தண்டவாளம் ஓர் ஆள் இடுப்புயரம் தரைக்கு மேலே நின்றது. அதில் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். சீனு அதைத் தடவித் தடவிப் பார்த்த மாதிரி என்னைக்கூட ஒருநாளும் பார்த்ததில்லை. ஆல்வின் சிரித்துக்கொண்டே, "வோணும்னா எத்துகினு போ சார். இங்க இருந்தா பொக்லைன்காரன் அள்ளிகினு போயிடுவான்" என்றார்.

பள்ளம் தோண்டி எடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றியபோது ஆல்வின் தலையைச் சொறிந்தார்.

"ஒரே ஒரு விசயம் சார். இத்த நட்டு வெச்சிடு. படுக்க வெக்காத. எங்க வூட்ல அப்டித்தான் சொல்லுவாங்கோ. இன்னா ஏதுன்னு எனுக்குத் தெரியாது, என் அக்கா ஜெனிட்டாவுக்குத்தான் தெரியும்."

"கண்டிப்பா, கண்டிப்பா" என்றார் சீனு. அவர் கண்டிப்பா என்று இரண்டு தடவை சொன்னால் செய்யமாட்டார் என்று அர்த்தம். தண்டவாளம் என்றால் படுத்துத்தான் கிடக்க வேண்டும், நின்றால் அது கம்பம் என்பது அவர் கட்சி. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஹாலில், ஜன்னலுக்குக் கீழே, ஆசாரியை வைத்து இரண்டு மரக்கட்டைகள் செய்து, அவற்றின் மேல் அதைப் படுக்க வைத்தார். துருவைத் தேய்த்து எண்ணெய் பூசினார். அன்று ராத்திரி அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ஆல்வின் சொன்னதை நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நாலைந்து நாள் கழித்து, சாயங்காலம் காப்பி டம்ளரை அந்தத் தண்டவாளத்தின் மேல் வைத்தேன். காப்பி நடுங்கியது. டம்ளர் மெல்ல நகர்ந்தது. கை வைத்துப் பார்த்தால் இரும்புக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

"கடல் அலைதான் லதா" என்றார் சீனு. சொல்லிவிட்டு மண்டிபோட்டுக் காதை வைத்தார். அவர் முகம் மாறியது. "வண்டி வருது" என்றார்.

எங்கள் ஊரில் ரயிலே கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும். இங்கே இருப்பது மீன்காரர்களும், டச்சுக்காரன் கோட்டையும், காற்றும்தான். அதைச் சொன்னேன். அவர் காதை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அது முனகும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டத்தில். துவைத்துப் போட்ட ஜன்னல் திரையில் நிலக்கரிப் புகை நாற்றம் அடித்தது. ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணியில் கரி வந்தது. சீனு லீவு போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைத் தொடவில்லை. இரும்பில் வைத்து வைத்து அவர் இடது காதில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னால், "அப்பாவுக்கு ஸ்ட்ரெஸ் மா" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேய் பிடித்தாலும் ஸ்ட்ரெஸ்தான்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் நானும் காதை வைத்தேன். வண்டி வந்தது. என் தலைக்குள் வந்தது. வீடு இடிந்துவிடும் என்று நினைத்தேன், ஆனால் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கூட அசையவில்லை. அது கடந்துபோன பிறகு, கரகரத்த ஓர் ஆண் குரல் பெயர்களைக் கூப்பிட்டது.

"சின்னையா!"

"கீறேன்!"

"முனியா!"

"கீறேன்!"

"கருப்பா!"

பதில் இல்லை.

"கருப்பா... டேய் கருப்பா!"

அந்தக் குரல் கெஞ்ச ஆரம்பித்தபோது நான் எழுந்துவிட்டேன். சீனு என்னைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றார். "தினம் கூப்பிடறான் லதா. ஒருத்தன் மட்டும் பதில் சொல்ல மாட்டேங்கறான். பாவமா இருக்கு."

"இந்தக் கருப்பன் உங்க புத்தகத்துல இருக்கானா?" என்று கேட்டேன்.

"லைன் பழுது பாக்கற கேங் ஆள் போலிருக்கு. அவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார். சொன்ன பிறகு வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. கம்பெனியின் கடைசிப் பெரிய துரை எந்த ஊரில் செத்தான் என்பதுவரை தெரிந்த மனுஷன்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ஆல்வினின் அக்கா ஜெனிட்டா அரசாங்கப் பள்ளியில் டீச்சர். இடித்த வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தாள். நான் தண்டவாளம் என்றதுமே கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா மேடம், படுக்க வெச்சிட்டாரா?"

"ஆமாம்மா. பேர் கூப்பிடற சத்தம் கேக்குது."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"கருப்பன் எங்க கொள்ளுத்தாத்தா. அப்பல்லாம் நாங்க கிறிஸ்து வேதத்துக்கு வரல. பண்ணையில கூலிக்குக் கெடந்தவங்கோ, கம்பெனி லைன்ல கேங் வேலைக்குப் போனாங்கோ. மத்தியானம் கஞ்சி குட்ச்சிட்டு, தண்டவாளத்து மேல தலைய வெச்சித் தூங்குவாங்களாம். வண்டி எங்கியோ தூரமா வரும்போதே இரும்பு அதிரும், எழுப்பி வுட்டுடும். அத்த நம்பித்தான் தூக்கமே."

"அப்புறம்?"

"அன்னிக்கி காலைல தாத்தாதான் ரெண்டு தண்டவாளத்த ஒண்ணா சேக்கற பிளேட்டு போல்ட்ட தளர்த்தி வெச்சிகினு இருந்தாரு. சாப்ட்டு வந்து கிரீஸு போட்டு முறுக்கலாம்னு. கெட்டியா சேந்து இருந்தாத்தான மேடம் அதிர்ச்சி தாண்டி வரும்? அவரு மறந்துட்டாரு. அந்தத் தண்டவாளத்து மேலயே தலைய வெச்சிப் பட்த்துட்டாரு. அது எழுப்பவே இல்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கி சொல்லாதத அது இப்ப சொல்லிகினே கீது."

வண்டி போகும்போது கேங் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் குதிப்பார்கள். அது போன பிறகு மேஸ்திரி எல்லோர் பெயரையும் கூப்பிடுவார். எல்லோரும் பதில் சொன்னால்தான் மறுபடி வேலை. அன்றைக்கு ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. மேஸ்திரி பைத்தியம் பிடித்தவர் மாதிரி பொழுது சாயும்வரை கூப்பிட்டாராம். தாத்தாவின் பெண்சாதி செல்லம்மா அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து வாசலில் நட்டிருக்கிறாள்.

"நட்டு வெச்சா வண்டி போவாது. வண்டி போவலன்னா மேஸ்திரி கூப்ட மாட்டாரு" என்றாள் ஜெனிட்டா. பிறகு என் கையைப் பிடித்தாள். "சாரு பதில் எதுவும் சொல்லலியே? யாரும் பதில் சொல்லக் கூடாது மேடம். மேஸ்திரிக்கு ஒரு ஆளு கொறையுது. யாரு சொன்னாலும் அவுரு எத்துக்குவாரு."

சீனுவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஜெனிட்டா சொல்லி ஆல்வின் அதே குட்டியானையைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். திருக்கழுக்குன்றத்தில் கோயில் தேருக்குச் சாலையை அடைத்து வைத்திருந்தார்கள். ஆல்வின் இறங்கிப் போலீஸ்காரரிடம் சண்டை போட்டார். நான் திரும்பத் திரும்ப போன் செய்தேன். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடவுளே, கொஞ்சம் நிறுத்தி வையேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

வாசலில் வண்டி நின்றபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கேட்டைத் திறக்கும்போதே நிலக்கரிப் புகை மூக்கில் ஏறியது. ஹாலில் சீனு தரையில் நீட்டிப் படுத்திருந்தார். தலையைத் தண்டவாளத்தின் மேல் வைத்திருந்தார், தலையணை மாதிரி. கண்கள் மூடியிருந்தன.

"சீனு!" என்று கத்தினேன்.

அதே நேரம் காது வைக்காமலேயே எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் குரல் கேட்டது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன குரல்.

"கருப்பா! டேய் கருப்பா!"

நான் ஓடினேன். ஆல்வின் என்னைத் தாண்டி ஓடினார். சீனுவின் உதடுகள் பிரிந்தன. மாயவரத்தில் பிறந்து வளர்ந்து, "இருக்கேன்" என்பதைத் தவிர வேறு மாதிரி ஒருநாளும் சொல்லாத வாய், இரக்கத்தோடு சொன்னது:

"கீறேன், மேஸ்திரி."

புகை நாற்றம் நின்றது. யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. பிறகு சரளைக்கல் மேல் பல கால்கள் நடந்து தூரமாகப் போகும் சத்தம். ஆல்வின் தண்டவாளத்தைத் தூக்கி நிமிர்த்தினார். அது வெறும் இரும்பாக இருந்தது.

சீனுவை உலுக்கினேன். கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தார். "சீனு, சீனு" என்று எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல வாசல் பக்கம் பார்த்தார். ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, மெதுவாக, "கருப்பா" என்றாள். அவர் சட்டென்று திரும்பினார்.

டாக்டர்கள் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். தண்டவாளத்தைக் கொல்லையில் நட்டுவிட்டோம். அவர் பகல் முழுவதும் அதன் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கஞ்சிதான் கேட்கிறார். என்னை "ம்மா" என்கிறார், மரியாதையாக, அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல. எழுதி முடிக்காத சரித்திரம் மேஜை மேல் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று தெரியாமல் புரட்டுகிறார். ஜெனிட்டா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

பல நாள் பிடிவாதமாக "சீனு" என்றே கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் பட்டினி கிடந்ததுதான் மிச்சம். இப்போது விளக்கு வைத்ததும் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவில் நிற்கிறேன். பிறகு கூப்பிடுகிறேன்.

"கருப்பா!"

"கீறேன்ம்மா" என்று பதில் வருகிறது, சீனுவின் குரலில்.