முகம் பார்க்க வந்தவன்

மடியில் மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்தபடி சாள்ஸ் ஆட்டோவில் தில்லையடிக்குள் நுழைந்தபோது, பின்னேர அஸர்த் தொழுகைக்கு அரைமணி நேரமே இருந்தது. காலையில் சுல்பா டெலிபோனில், "உம்மா மௌத்தாகிட்டாங்க நானா" என்று அழுதும் அவன் அவசரப்படவில்லை. அவனுடைய கத்தோலிக்க ஆட்கள் சவத்தை இரண்டு நாளாவது வீட்டில் வைத்திருப்பார்கள். வாசலில் கடதாசி விளையாட்டும் நடக்கும். ஆகவே தாடி வழித்து, கறுப்புக் காற்சட்டையை அயன் பண்ணி, ஆறுதலாகப் பூக்கடைக்குப் போனான். "ஆர் செத்தது?" என்று கடைக்காரர் கேட்டார். "தெரிஞ்ச ஆள்" என்றான். அங்கே நிற்கும்போதுதான் சுல்பா மறுபடி எடுத்தாள்: "எங்க நிக்கிறீங்க? அஸருக்கு எடுக்கப் போறம்!"

இருபத்தாறு வருடங்களுக்கு முன், மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அலீமாவின் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. பால் கொடுக்கவென்று கரையில் நின்ற மக்தலேனா அதை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். திரும்பி வந்தபோது, கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு லொறி போய்விட்டிருந்தது. "தேடினனாங்கள் மகன்" என்று, தான் வளர்த்த சாள்ஸிடம் போன மாதம்தான் சொன்னாள். சாள்ஸ் தேடியபோது, அவனுக்குப் பிறகு பிறந்த தங்கை சுல்பா ஒரே கிழமையில் கிடைத்தாள். அதை அவன் மக்தலேனாவிடம் சொல்லவில்லை.

அலீமாவோடு ஒரேயொரு முறை டெலிபோனில் கதைத்தான். "சாப்பிட்டீங்களா மகன்?" என்றாள். பதற்றத்தில், "ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு நேரில் போகாமலிருக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை: படகு எஞ்சின் பழுது, கோவில் திருநாள், வயிற்றோட்டம். கடைசிக் காரணம் மட்டும் உண்மை.

மரண வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அத்தாஉல்லா அவனை மறித்தார்.

"தம்பி, பூவெல்லாம் நாங்க வைக்கிறல்ல. ஆட்டோவிலயே இருக்கட்டும்."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "முகம் மூடப் போறம். மஹ்ரமான ஆம்புளைங்க மட்டும் வந்து பாருங்க."

"அது ஆரு?" என்று சாள்ஸ் மெல்லக் கேட்டான்.

"மகன், கூடப்பொறந்தவன், அப்படிக் கிட்டின சொந்தம். மத்த ஆம்புளைங்க பாக்கேலா." அத்தாஉல்லா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மீன் குடுக்கிற ஆளா?"

அவன் மீன் பிடிக்கிறவன்தான்; ஓம் என்றால் பொய்யுமில்லை. நிழலில் ஒரு கதிரையும் கிடைக்கும். அலீமாவின் சகோதரர்கள் இருவர் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார்கள்.

"இன்னும் ஆரும் இருக்கா?" என்று உள்ளேயிருந்து அதே குரல் கேட்டது.

"மகன்" என்றான் சாள்ஸ். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னபோது கடலில் படகுக்குப் படகு கூப்பிடுகிற சத்தம் வந்துவிட்டது: "நான் மகன்!"

முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அத்தாஉல்லா தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். அது உச்சியோடு நின்றுவிட்டது.

வெள்ளைத் துணிக்குள் ஒரு சின்ன முகம். சாள்ஸ் அதில் தன் மூக்கைத் தேடினான், தாடையைத் தேடினான். ஒன்றுமில்லை. களைத்துப்போய்த் தூங்கும் யாரோ ஒரு மனுசி. பழக்கத்தில் வலக்கை சிலுவை போட நெற்றிக்குப் போய், அங்கேயே நின்றது. அறையிலிருந்த பெண்கள் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"ஓம் நானா, தொப்பிய சரியாக்குங்க. விழப் பாக்குது" என்றாள் சுல்பா.

அவன் தொப்பியைச் சரியாக்கினான். சரியாக்கிக்கொண்டே நின்றான்.

அலீமாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது முன்பக்கத்து இடது மூலை அவன் தோளுக்கு வந்தது. எல்லோரும் வேகமாக நடந்தார்கள். நாலெட்டு வைப்பதற்குள் ஒருவர் பின்னாலிருந்து அவன் முதுகில் தட்டினார். அது தோள் மாற்றக் கேட்பது என்று சாள்ஸுக்குத் தெரியாது. ஆறுதல் சொல்கிறாராக்கும் என்று தலையாட்டிவிட்டு நடந்தான். இன்னொருவர் தட்டினார். அவருக்கும் தலையாட்டினான்.

"அவர உட்டுடுங்க" என்றார் அத்தாஉல்லா, தட்டியவர்களிடம்.

பள்ளிவாசல் வரை மற்ற மூன்று மூலைகளிலும் தோள்கள் மாறிக்கொண்டே இருந்தன.