முழுக்கப் பாதி வீடு

1

“அப்போ சமையலறை யாருக்குக்கா?”

“சமையலறை, கூடம்னு தனித்தனியாப் பிரிக்க மாட்டாங்களாம்டி. முழுக்கப் பாதி.”

“முழுக்கன்னா முழுக்க. பாதின்னா பாதி. அதென்ன முழுக்கப் பாதி?”

“ஒவ்வொரு செங்கல்லுலயும் பாதி எனக்கு, பாதி அவருக்கு. இப்போ அவரோட பாதி அவருக்கே இல்ல.”

“மஞ்சக் கடுதாசி குடுத்தது மாமா. வீடு எதுக்கு மஞ்சளாகணும்?”

இந்த இடத்தில் பல் டாக்டரின் உதவியாளர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதும் என் காது வெளியேதான் இருந்தது. திரும்பி வந்தபோது அக்கா, தங்கை இருவரையும் காணோம். என்னிடம் இருப்பது இந்த ஐந்து வரிப் பேச்சு மட்டும்தான். மீதியெல்லாம் நானாகக் கட்டுவது. எங்கே கட்டுகிறேன் என்பதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

2

முதல் முயற்சி:

[திவாலான அன்று மாலை அவன் மழையில் நனைந்தபடி ரயில் நிலையத்தை நோக்கி]

அடித்துவிட்டேன். நான் விழுந்து விழுந்து படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் திவாலானவர்கள் ரயிலேறிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள். அவர்கள் போன பிறகு வீட்டுக்கு யார் பூட்டுப் போட்டார் என்று எந்த நாவலும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாவது முயற்சி:

[வீடு இரண்டாகப் பிளக்கும் ஓசை அவளுக்கு மட்டும்]

எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிளக்கிற வீடாக இருந்தால் அவளுக்குக் கவலையே இல்லையே. ஆளுக்கொரு பக்கம் சுவர் வைத்துக்கொண்டு இருந்துவிடலாம்.

சட்டம் படிக்கும் தோழியிடம் கேட்டேன். ஊருக்கு ஊர் சட்டம் மாறும், கதை எழுதுகிறேன் என்று எதையாவது உளறிவைக்காதே என்றாள். ஆகவே, இந்தக் கதைக்குள் இருக்கிற சட்டம் மட்டும் இது: கணவனின் பாதி, கடன்காரர்களுக்காக நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குப் போகும். மனைவியின் பாதியை யாரும் தொட முடியாது. ஆனால் பாதி வீட்டை விலைக்கு வாங்க ஆள் கிடைக்காது என்பதால், பொறுப்பாளர் முழு வீட்டையும் விற்கச் சொல்லிக் கேட்கலாம். அவள் பங்குப் பணம் அவளுக்கு வந்துவிடும்; வீடு வராது. அது நடக்கக் கூடாதென்றால் கணவனின் பாதியை அவளே, மதிப்பு போடுபவர் சொல்லும் விலைக்கு வாங்கிவிட வேண்டும்.

தன் வீட்டையே வாங்குவது! அன்று முழுக்க என் அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எந்தப் பாதி வழியாக வெளிச்சம் வருகிறது?

3

கணவனை முதலில் சூதாடியாக எழுதினேன். தங்கைக்காரிக்கு வசதியாகப் போயிற்று. பக்கம் பக்கமாகத் திட்டினாள். ஆனால் அவள் அக்கா அந்தப் பக்கங்களில் வாயே திறக்கவில்லை. சூதாடியோடு அவள் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருப்பாள் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஆகவே அவரை டைல்ஸ் மேஸ்திரி ஆக்கினேன். இந்த ‘அவர்’ தானாக வந்துவிட்டது. ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்காமல் ஒரு கல்கூடப் பதிக்க மாட்டார் என்பதால் வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயரே ரசமட்டம். பெரிய கட்டடம் ஒன்றுக்குக் கடனில் சரக்கு வாங்கிப் பதித்தார். கட்டியவர் கைவிரித்துவிட்டார்.

ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர் வீட்டுக் கூடத்தில், குடிவந்த நாளிலிருந்து வெறும் சிமென்ட்.*

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பவள். கடை முதலாளி ஜாமீன் நின்று வங்கியில் அவளுக்கு ஒரு கடன் ஏற்பாடு செய்திருக்கிறார். வீடு இப்போதிருக்கும் கோலத்தில் மதிப்பு போட்டால், அவர் பாதியை வாங்க அது மட்டுமட்டாகப் போதும். மதிப்பு போடுபவர் நாளைக் காலை வருகிறார்.

* இது நான் கட்டியதுதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்த தச்சர் வீட்டுக் கதவு எப்படியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

4

அவள் வேலை முடிந்து வரும்போது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கையெல்லாம் சிமென்ட்.

“உள்ள கால் வைக்காதே. ஈரம்.”

அவள் எட்டிப் பார்க்கிறாள். கூடம் முழுக்கத் தரை. பொறுப்பாளரின் ஆட்கள் சரக்கை ஏற்றிப்போனபோது உடைசல் என்று ஒதுக்கிவிட்டுப் போன துண்டுகள்: சாம்பல், வெள்ளை, கடுகு நிறம், ஏதோ ஒரு வீட்டுக் குளியலறையின் பச்சை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் இணைப்புகள் நூல் பிடித்தாற்போல ஓடுகின்றன.

[அவள் கண்களில் நீர்] — இல்லை, அவசரப்படுகிறேன்.

“எப்படி இருக்கு?”

“எப்போ ஆரம்பிச்சீங்க?”

“நீ அந்தப் பக்கம் போனதும். உன் கைக்குப் போற வீடு. கரடுமுரடாவா குடுப்பாங்க?”

அவள் தெருமுனை வரை நடந்து தங்கைக்குப் போன் போடுகிறாள்.

“தரை போட்டுட்டார்டி.”

“யாரு வீட்டுக்கு?”

“நம்ம வீட்டுக்கு.”

“அடப்பாவி மனுஷா! கல்யாணமான புதுசுலேர்ந்து கேட்டுட்டிருக்கே. நாளைக்கு விலை போட ஆள் வர்றப்பதான் கை அரிச்சுதா?”

“திட்டாதடி. ரொம்ப அழகா இருக்கு.”

“அழகா இருந்தா விலை ஏறும்க்கா. ஏறுனா உன் கடன் பத்தாது.”

“தெரியும்.”

“அப்போ எடுக்கச் சொல்லு. சுவரையா இடிக்கச் சொல்றோம்? நேத்து இருந்த மாதிரியே இருக்கட்டும்னுதானே.”

இதைத் தோழியிடம் படித்துக் காட்டினேன். ஒரு கூடத்துத் தரைக்காக மதிப்பு பெரிதாக ஏறிவிடாது என்றாள். ஏறவே ஏறாதா என்றேன். அது வருகிற ஆளைப் பொறுத்தது என்றாள். அக்கா தெருமுனையிலிருந்து மெல்ல நடந்து திரும்பி வர எனக்கு அந்தச் சந்தேகமே போதும்.

5

ஒரு முடிவில், மதிப்பு போடுபவர் தரையைக் குனிந்துகூடப் பார்க்காமல் போய்விடுகிறார். இதை நான் விரும்பினேன்; ஆனால் ரசமட்டத்துக்கு அது பெரிய அவமானம். இன்னொன்றில், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். யார் போட்டது என்று கேட்கிறார். விலையை ஏற்றுகிறார். வேறு யாரோ ஒரு குடும்பம் அந்தத் தரையில் நடக்கிறது. மூன்றாவதில் நானே புகுந்து வங்கிக் கடனைக் கூட்டிவிட்டேன். வெட்கமாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

எப்படி எழுதினாலும் நடுவில் ஒரு வாசற்படி வருகிறது. உள்ளே போக முடியாமல் இருவரும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் பாதி, அவள் பாதி என்று சொல்ல முடியாத நெருக்கத்தில். அவள் கேட்கிறாள். அவர் வாயில் ‘சரி’ என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர் இல்லை. ‘முடியாது’ என்று எழுதினேன். அவளிடம் அவர் அப்படியும் சொன்னதில்லை. அவரை எனக்கு இவ்வளவுதான் தெரியும். ஒருவேளை உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். அவள் சொன்னதை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை வைக்கிறேன்.

“ஏங்க... இன்னும் காயல இல்ல? காஞ்சா உடைக்கணும். அதுக்குள்ள, ஒண்ணுகூட உடையாம, நீங்களே எடுத்துடுறீங்களா?”