சபையே சொன்ன கபூல்

ரெஹானுக்குத் திக்குவாய். மேற்கு மாம்பலத்தில் அது ஊர்ச் சொத்து. அவன் ஒரு எழுத்தைத் தொடங்கினால் போதும், மிச்சத்தை எதிரில் இருப்பவர் முடித்துக் கொடுத்துவிடுவார். பரோட்டா கேட்கப் போனவன் பூரி தின்றுவிட்டு வருவான். அம்மா ஜஹனாரா தன் பங்குக்கு வசம்பைத் தேனில் இழைத்து அவன் நாக்கில் தடவாத நாளில்லை. நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம்.

வேலைக்காக டொராண்டோ போனான். அங்கே பேச்சுப் பயிற்சி தந்த அம்மாள், திக்குவது ஒரு குற்றமில்லை, தாராளமாகத் திக்கு, கேட்பவர்கள் காத்திருக்கட்டும் என்றுவிட்டார். அவர்களும் காத்திருந்தார்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு. இதற்கு நம்மூர்ப் பூரியே தேவலை என்று அவனுக்குச் சில நாள் தோன்றியதுண்டு. ஆனாலும் ஒரு வாக்கியத்தைத் தானே முடிக்கும் ருசியைக் கண்டுவிட்டான்.

இன்று தி.நகர் மண்டபத்தில் அவனுக்கு நிக்காஹ். மணப்பெண் சிம்ராவின் சம்மதத்தைச் சாட்சிகள் கேட்டு வந்தாயிற்று. இனி ரெஹான் சபையறிய "கபூல்" சொல்லி அவளை ஏற்க வேண்டும். தலையாட்டினால் போதாதா என்று மாமா அன்வர் பாஷா காலையிலிருந்து, நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத்தை நச்சரித்துக்கொண்டிருந்தார். ரெஹானோ இந்த ஒரு சொல்லையாவது யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்றிருந்தான்.

ஹஜ்ரத் கேட்டார்.

"க... க..." என்றான் ரெஹான்.

"கபூல்" என்றது சபை. மாமாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ரெஹானுக்கு அழுகை முட்டியது.

ஹஜ்ரத் பேனாவை மூடி வைத்தார். "பாஷா பாய், உங்க ஊட்ல ஏற்கெனவே ஒருத்தங்க கீறாங்க. இந்தப் பொண்ண இத்தினி பேருக்குக் கட்டி வெக்க நம்மால ஆவாது. மாப்ள சொல்ற வரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. பந்தியும் கெடையாது."

சபை அடங்கியது. டொராண்டோ முகம் ஒன்றுகூட அங்கில்லை. பசியும் கடுப்பும் அப்பட்டமாகத் தெரிந்தன. ஒருவர் கொட்டாவியே விட்டார். பரிதாபப்பட யாருக்கும் நேரமில்லை என்பதே ரெஹானுக்குத் தெம்பாக இருந்தது. முட்டி மோதி, விழி பிதுங்கி, கடைசியில் சொல்லிவிட்டான்.

மாமா பந்தியைப் பார்க்க எழுந்தார். ஒரு தடவை போதும் என்று ஹஜ்ரத்தும் பேனாவைத் திறந்தார். ரெஹான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூ... மூணு வாட்டி சொல்றதுதான ஹஜ்ரத் வ... வழக்கம்? இன்னும் ரெண்டு கீது."

மாமா மறுபடி உட்கார்ந்தார்.