மாடி தள்ளிய வோல்டேஜ்

அக்கா வீட்டு வாஷிங் மெஷினைப் புகையவிட்டது, அடுத்த வீட்டில் இருக்கும் ஐம்பது வயதுத் தம்பிதான். தெருவில் வோல்டேஜ் இருநூற்று ஐம்பதைத் தாண்டினால் அவர் மாடி சோலார் தானாக நின்றுகொள்ளும். நல்ல வெயிலில் நிற்பதாவது என்று ரோஷப்பட்டு, அந்த அளவை இருநூற்று எண்பதாக மாற்றிவைத்திருந்தார்.

லைன்மேன் வந்து அக்கா வீட்டு பிளக்கில் அளந்தார். "இருநூத்தி எழுபத்தஞ்சு. ஏதோ ஒரு மாடி சோலார் கரண்டை லைனுக்குத் தள்ளுது. பகல்ல தெருவுல செலவு பண்ண ஆளில்ல, வோல்டேஜ் ஏறாம என்ன செய்யும்?"

"எந்த மாடியோ," என்றார் தம்பி, அண்ணாந்து பார்க்காமல்.

லைன்மேன் வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பியதும் தம்பி மெல்ல நழுவினார். போன தடவை கோபித்துக்கொண்டபோது அக்கா மூன்று மாதம் பேசவில்லை. ஓடிப்போய் அளவைப் பழையபடி மாற்றிவிட்டு வந்து, அக்கா கையால் துவைத்த ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துப் பிழியத் தொடங்கினார்.

"யார் பண்ணியிருப்பாங்கக்கா?"

"நீதான்டா. லைட்டு லேசா மினுக்கினாலே கரண்ட் ஆபீஸைத் திட்டித் தீர்க்கிறவன், இன்னைக்கு ஒரு வார்த்தை திட்டலையே. நல்லா முறுக்கு, இன்னும் நாலு போர்வை இருக்கு."